பனியாற்றுச் சாலையில் கூடாரமும் குக்கரும்: வாசகர் கேள்வி - பதில்

கனடாவின் ராக்கி மலைத்தொடரில் லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை 232 கி.மீ. நீளும் சாலைக்கு ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்று பெயர். அந்த வழியில் காரில் போய்க் கூடாரம் போட்டுத் தங்க நினைக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கால்கரியில் இறங்கி, வாடகைக் காரில் ஜூன் முதல் வாரம் போவதாக இருக்கிறோம். ஒரே நாளில் ஜாஸ்பர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்கிறார்கள். அதற்குப் போய் எதற்குக் கூடாரம்?
*- வாசகி, சென்னை*

லேக் லூயிஸிலிருந்து எங்கும் நிற்காமல் ஓட்டினால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் ஜாஸ்பர் வந்துவிடும். அப்படி ஓட்டுவதற்கு இந்தச் சாலை தேவையில்லை. பத்து கி.மீ.க்கு ஒருமுறை நிறுத்தி இறங்க வேண்டியிருக்கும். மாலையில் கூட்டம் கலைந்த பிறகும், காலையில் பேருந்துகள் வருவதற்கு முன்பும் அங்கேயே இருப்பவருக்குத்தான் இந்த இடத்தின் முழுப் பலன். அதற்குத்தான் கூடாரம்.

தேதியை மட்டும் மாற்றுங்கள். ஜூன் முதல் வாரத்தில் பேட்டோ ஏரி போன்ற உயரமான ஏரிகளில் பனிக்கட்டி பெரும்பாலும் உருகியிருக்காது. படங்களில் பார்க்கும் அந்த நீலப்பச்சை நிறம், பனியாறு (மலைச்சரிவில் மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள்) அரைத்த கல்மாவு உருகுநீரோடு ஏரியில் வந்து கலந்த பிறகுதான் வரும். மேட்டு நடைபாதைகளில் பனி கிடக்கும். வழியிலுள்ள முகாம்களில் சில திறந்தே இருக்காது. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை நல்ல காலம். ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை மலைகளை மறைத்துவிடும் ஆண்டுகள் உண்டு என்பதால், தேர்வு உங்கள் கையில் இருந்தால் ஜூலையின் பின்பாதியைப் பிடியுங்கள்.

நான்கு இரவு ஒதுக்குங்கள்: லேக் லூயிஸில் ஒன்று, நடுவழியில் அதபாஸ்கா பனியாற்றுப் பக்கம் இரண்டு, ஜாஸ்பரில் ஒன்று. மொரைன் ஏரிக்கு 2023 முதல் சொந்த வண்டியில் போக முடியாது. பூங்கா நிர்வாகத்தின் ஷட்டில் பேருந்திலோ மற்றப் பேருந்துச் சேவைகளிலோ முன்பதிவு செய்து போகலாம். ஜாஸ்பர் பகுதியில் 2024 ஜூலையில் பெரும் தீ பரவி, நகரக் கட்டடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அழித்தது. நகரைச் சுற்றியுள்ள முகாம்களில் எது திறந்திருக்கிறது என்று பார்த்த பிறகு பதிவு செய்யுங்கள். எரிந்து நிற்கும் மரங்கள் காற்றில் சாயும். அதன் கீழே கூடாரமும் வேண்டாம், காரும் வேண்டாம்.

அரிசி, பருப்பு, மசாலாவைக் கால்கரியிலேயே வாங்கிவிடுங்கள். நகரின் வடகிழக்குப் பகுதியில் இந்தியக் கடைகள் நிறைய. லேக் லூயிஸில் இருப்பது சிறிய கடை. அதை விட்டால் ஜாஸ்பர்தான்.

முகாமில் இடம் முன்பதிவு செய்தே ஆகவேண்டுமா? நேரில் போனால் கிடைக்காதா?
*- வாசகர், கோயம்புத்தூர்*

லேக் லூயிஸ், ஜாஸ்பர் அருகிலுள்ள விசிலர்ஸ் போன்ற பெரிய முகாம்களுக்கு முன்பதிவு கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில், ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே, பூங்காவுக்குப் பூங்கா வேறு தேதியில் பதிவு திறக்கும். ஜூலை வார இறுதிகள் அன்றைக்கே தீர்ந்துவிடும்.

பார்க்வேயின் நடுவில் இருப்பவை சிறிய முகாம்கள். மஸ்கிட்டோ க்ரீக், வில்காக்ஸ், கூடாரத்துக்கு மட்டுமான கொலம்பியா ஐஸ்ஃபீல்ட் ஆகியவற்றில் முதலில் வந்தவருக்கே இடம் என்ற முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. இங்கே ஜெயிப்பது காலையில் வருபவர். காலி செய்யும் நேரம் 11 மணி. பத்தரைக்கு உள்ளே போய் மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் எண் எழுதிய கம்பம் உண்டு. அதில் செருகியிருக்கும் சீட்டில் இன்றைய தேதியோடு முடிகிறது என்றிருந்தால் அந்த இடம் காலியாகப் போகிறது. காலியான இடத்தில் ஒருவரை ஒரு நாற்காலியோடு உட்காரவைத்துவிட்டு, மற்றவர் வாசலிலுள்ள பதிவு மேடைக்குப் போகவேண்டும். உறையில் பெயர், கார் எண், இட எண், எத்தனை இரவு என்று எழுதி, பணமோ அட்டை விவரமோ வைத்துப் பெட்டியில் போடவேண்டும். கிழித்த துண்டைக் கம்பத்தில் செருகினால் இடம் உங்களுடையது. சில்லறை தர ஆள் கிடையாது. ஐந்து, பத்து, இருபது டாலர் தாள்களாகக் கொண்டுபோங்கள்.

ஜூலையில் இரவு ஒன்பதரைக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. வெளிச்சம் இருக்கிறதே என்று சுற்றிவிட்டு ஏழு மணிக்கு வந்து இடம் தேடுபவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சாலையோரத்தில் காரை நிறுத்தி அதிலேயே தூங்குவது தேசியப் பூங்காவில் சட்டப்படி கூடாது.

சாதம், சாம்பார் இல்லாமல் எங்கள் வீட்டில் முடியாது. சிறிய கேஸ் அடுப்பும் குக்கரும் போதுமா?
*- வாசகி, மதுரை*

குக்கர் சரி. சிறிய அடுப்பு சரியில்லை.

முதலில் குக்கர். வில்காக்ஸ் முகாம் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வெகுநேரம் ஆகும். ஒரு மணி நேரம் எரித்தாலும் நடுவில் மாவுக்கட்டி நிற்கலாம். குக்கருக்குள் 117 டிகிரி வரை போகும் என்பதால் பருப்பு மசியும். வீட்டில் வைப்பதைவிட ஒன்றிரண்டு விசில் கூட்டுங்கள். மூன்று லிட்டர் குக்கர் நான்கு பேருக்குப் போதும். பருப்பைக் காலையிலேயே மூடியிட்ட டப்பாவில் ஊறப்போட்டுக் காரில் வைத்துவிட்டால் மாலையில் எரிபொருள் பாதியாகக் குறையும்.

சிலிண்டர் மேலேயே திருகிவைக்கும் ஒற்றை அடுப்பில் குக்கரை ஏற்றாதீர்கள். மூன்று சிறு கால்கள் மேல் தண்ணீரும் பருப்புமாக மூன்று கிலோ நிற்காது. அதோடு, அகலமான குக்கரின் அடியில் பட்ட சூடு திரும்பி நேரே சிலிண்டரில் இறங்கும், அது ஆபத்து. இரண்டு பர்னர் உள்ள பெட்டி அடுப்பு வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். அதற்குப் பச்சை நிறத்தில் 465 கிராம் புரொப்பேன் சிலிண்டர் எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஒரு பர்னரை முழுவீச்சில் எரித்தால் ஒரு சிலிண்டர் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். காற்றடித்தால் அதில் கால்வாசி வீண். நான்கு பேர் இரு வேளை சமைத்து, காலையில் காபியும் போட்டால் ஒன்றரை நாளுக்கு ஒரு சிலிண்டர் என்று கணக்கு வைத்து, கூடுதலாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

புரொப்பேன் ஏன் என்றால், அது மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே திரவமாகவே கிடக்கும். கலவை வாயு உள்ள சிலிண்டரில் புரொப்பேன் முதலில் தீர்ந்து, கடைசியில் தங்குவது பியூட்டேன். அதனால்தான் பாதி தீர்ந்த சிலிண்டர் விடியற்குளிரில் ‘புஸ்’ என்று மட்டும் சொல்லும். அப்படி ஆனால் வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள கிண்ணத்தில் அரை அங்குலம் அமிழ நிறுத்துங்கள். தீயில் காட்டும் வேலை வேண்டாம்.

மழை பெய்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. பல முகாம்களில் கூரையும் மேசையும் உள்ள சமையல் கொட்டகை இருக்கிறது. அங்கே போய்ச் சமையுங்கள்.

ஓடைத் தண்ணீரை எடுப்பதாக இருந்தால் முதல் நாள் இரவே பக்கெட்டில் பிடித்து வையுங்கள். கல்மாவு அடியில் தங்கிவிடும். கலங்கலாகவே வடிகட்டிக் கருவியில் ஊற்றினால் இரண்டு லிட்டரில் அடைத்துக்கொள்ளும். தெளிந்ததைக் கொதிக்கவைத்து, கொதி வந்த பின் மூன்று நிமிடம் விட்டு இறக்குங்கள். இருபது லிட்டர் கேன் ஒன்றை லேக் லூயிஸில் நிரப்பிக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

ஜூலை மாதம் கோடைதானே? கொடைக்கானலுக்கு எடுத்துப்போகும் ஸ்வெட்டரும் கம்பளியும் போதாதா?
*- வாசகர், திண்டுக்கல்*

போதாது. பகலில் 20 டிகிரி இருக்கும் இடம் விடியற்காலை பூஜ்யத்துக்கும் ஐந்துக்கும் நடுவே வந்து நிற்கும். ஜூலையிலும் பனி கொட்டும் நாள் உண்டு. ஜாஸ்பர் நகரம் 1,060 மீட்டரில் இருக்கிறது. வில்காக்ஸ் அதைவிட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் மேலே. நகரின் வானிலை அறிக்கையிலிருந்து ஆறு டிகிரியைக் கழித்துக்கொள்ளுங்கள். பனியாற்றின் மேல் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கி வரும். வெயில் காயும் நடுப்பகலிலும் அந்த வாகன நிறுத்தத்தில் காதை மூடவேண்டியிருக்கும்.

தூங்கும் பையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வெப்பநிலையை நம்பி வாங்காதீர்கள். பல பைகளில் அது உடம்பைச் சுருட்டிக்கொண்டு சமாளிக்கக்கூடிய கீழ்வரம்பு. உள்பக்கச் சீட்டில் ‘கம்ஃபர்ட்’ என்று தனியாக ஓர் எண் இருக்கும். அது மைனஸ் 2 அல்லது அதற்கும் கீழே இருக்கட்டும். நம் ஊர் உடம்புக்கு மைனஸ் 5 என்றால் நிம்மதி.

ஆனாலும் குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்து அதிகம் வருகிறது. உடம்பின் எடை பட்டு அமுங்கும் பஞ்சு சூட்டைக் காக்காது. காற்றடைத்த சாதாரண மெத்தை இன்னும் மோசம்: உள்ளே இருக்கும் காற்று சுழன்று சுழன்று உங்கள் சூட்டைத் தரைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பாயை வாங்கும்போது ‘ஆர்’ மதிப்பு என்ற எண்ணைப் பாருங்கள். நான்கு வேண்டும். இரண்டு பாய்களை அடுக்கினால் மதிப்பும் கூடும் என்பதால், இரண்டு மதிப்புள்ள நுரைப்பாயை அடியில் போட்டு மேலே இன்னொன்று போடலாம்.

கூடாரத்தோடு வரும் பிளாஸ்டிக் முளைகளைத் தூக்கி வைத்துவிட்டு, எட்டு அங்குல இரும்பு முளைகள் பன்னிரண்டும் ஒரு சுத்தியலும் எடுத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் தரை இறுக்கிய சரளை. பிளாஸ்டிக் முதல் அடியிலேயே முறியும். குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களை அடைத்தால் மூச்சுக்காற்றின் ஈரம் துணியில் படிந்து விடியற்காலை சொட்டும், பை நனையும். துவாரம் திறந்தே இருக்கட்டும், தலைக்குக் குல்லா போட்டுக்கொள்ளுங்கள்.

கரடி பயம் உண்மையா? நம் சமையல் வாசனைக்கு வந்துவிடுமோ?
*- வாசகி, திருநெல்வேலி*

வரும். கறுப்புக் கரடி, கிரிஸ்லி இரண்டும் இங்கே உண்டு. மனிதர்களின் சாப்பாட்டை ஒருமுறை ருசித்த கரடி திரும்பத் திரும்ப வரும். கடைசியில் அதைக் கொல்லவேண்டியதாகிவிடும். ஆகவே விதி கடுமை. சமைத்து முடித்து நகர்ந்தாலோ தூங்கப் போனாலோ மேசையில் எதுவும் இருக்கக்கூடாது. சாப்பாடு மட்டுமல்ல, அடுப்பு, கழுவிய தட்டு, காலித் தண்ணீர்க் கேன், பற்பசை, தேங்காயெண்ணெய், குளிர்பெட்டி, நாய்த்தீனி எல்லாமே காரின் உள்ளே அல்லது முகாமிலுள்ள இரும்புப் பெட்டியில். குழந்தையின் பையில் ஒளிந்திருக்கும் முறுக்குப் பொட்டலம்தான் பெரும்பாலும் கூடாரத்துக்குள் போய்விடும் சமாச்சாரம். இரவில் ஒருமுறை பைகளைக் கொட்டிப் பாருங்கள். கருவாட்டை ஊரிலேயே விட்டுவிடுங்கள். கனடாவுக்குள் கொண்டுபோக முடியுமா என்ற கேள்விக்கு முன்பே, வேண்டாம்.

சாம்பார்ப் பாத்திரம் கழுவிய தண்ணீரைப் புதரில் கொட்டுவது நம்மவர் செய்யும் தவறு. சல்லடையில் வடிகட்டி, பருக்கைகளைக் குப்பையிலும் தண்ணீரை அதற்கென்று உள்ள தொட்டியிலும் போடவேண்டும். குப்பைத்தொட்டியின் கைப்பிடி வெளியே தெரியாது. மூடியின் கீழே உள்ள மறைப்புக்குள், உள்ளங்கை மேலே பார்க்கக் கையை நுழைத்து, உள்ளிருக்கும் தாழை அழுத்தினால்தான் திறக்கும். திறக்கத் தெரியவில்லை என்று பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தால் அதுவும் குற்றம்தான்.

நடக்கப் போகும்போது கரடி ஸ்ப்ரே (கரடி மேல் மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் குப்பி) பையின் அடியில் இருந்து பயனில்லை, இடுப்பில் இருக்கவேண்டும். கரடி தொலைவில் தெரிந்தால் ஓடாமல், மெதுவாகப் பேசிக்கொண்டே பின்வாங்குங்கள். அது பாய்ந்து வந்து ஐந்தாறு மீட்டருக்குள் நெருங்கினால் பாதுகாப்புப் பூட்டை எடுத்து, முகத்துக்குச் சற்றுக் கீழே குறிவைத்து அடியுங்கள். கொசுமருந்துபோல் கூடாரத்தின் மேல் தெளித்துவைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். காய்ந்த மிளகாய் மணம் கரடியைத் துரத்தாது, இழுக்கும். வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் அந்தக் குப்பி வெடிக்கலாம்.

சாலையில் கரடியைக் கண்டால் காரைவிட்டு இறங்காதீர்கள். வெளியே நிற்கும்போது கரடி, ஓநாய்க்கு 100 மீட்டர், எல்க் (பெரிய மான் வகை), மான், மலையாட்டுக்கு 30 மீட்டர் இடைவெளி வேண்டும். செப்டம்பரில் ஆண் எல்க் இணைசேரும் வெறியில் கார்களையே முட்டும்.

கூடாரத்தில் முதல் இரவு பயமாக இருந்தால் லேக் லூயிஸ் முகாமில் தொடங்குங்கள். அங்கே கூடாரப் பகுதியைச் சுற்றி மின்வேலி இருக்கிறது.

கூடாரத்துக்குப் பதில் ஆர்.வி. (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வீட்டு வண்டி) எடுத்தால் சுலபமா?
*- வாசகர், சிங்கப்பூர்*

குளிருக்கும் கரடிக்கும் சுலபம். மற்றதெல்லாம் கூடுதல் வேலை. 25 அடி வண்டி நூறு கி.மீ.க்கு ஏறக்குறைய 25 லிட்டர் குடிக்கும். பார்க்வே முகாம்களில் மின் இணைப்பு கிடையாது. ஹீட்டரின் விசிறி இரவு முழுவதும் பேட்டரியில் ஓடும். ஓட்டாமல் இரண்டு இரவு நின்றால் மூன்றாம் நாள் விளக்கு மங்கும். தினம் ஒரு மணி நேரமாவது வண்டியை ஓட்டுங்கள்.

வழியிலுள்ள சன்வாப்டா கணவாயிலிருந்து இருபக்கமும் இறக்கம் செங்குத்து. பிரேக்கை விடாமல் மிதித்தால் அதன் எண்ணெய் கொதித்து, பெடல் தரைவரை போகும். கருகிய வாடை வந்தால் அதுதான் எச்சரிக்கை. இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்து இன்ஜினைக்கொண்டு வேகத்தைப் பிடியுங்கள். நான்கு பேர் வரை காரும் கூடாரமும்தான் நல்ல ஏற்பாடு. பெரியவர்கள் கூட வந்தால் ஆர்.வி.

அதபாஸ்கா பனியாற்றின் மேல் நாமே ஏறி நடக்கலாமா?
*- வாசகர், யாழ்ப்பாணம்*

கூடாது. நுனிவரை நடைபாதை இருக்கிறது. வழிநெடுக, எந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்று பலகைகள் நட்டிருக்கிறார்கள். கடந்த 125 ஆண்டுகளில் ஒன்றரை கி.மீ.க்கு மேல் பின்வாங்கிவிட்டது. கயிறு கட்டிய இடத்தோடு நின்றுவிடுங்கள். அதற்கு அப்பால் மேலே மெல்லிய பனி மூடிய பிளவுகள் இருக்கின்றன. விழுந்தவர் இரண்டு பனிச்சுவருக்கு நடுவே சிக்கிக்கொள்வார். மீட்புக்குழு வருவதற்குள் உடல் குளிர்ந்துவிடும். அப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

வழிகாட்டியோடு நடக்கும் குழுக்களில் பூட்ஸின் அடியில் மாட்டும் முள்ளடி, கயிறு எல்லாம் தருவார்கள். ராட்சதச் சக்கர வண்டியில் ஏறிப்போய்க் கொஞ்ச நேரம் நிற்கும் பயணமும் உண்டு. அதோடு சேர்த்து விற்கும் கண்ணாடித்தளப் பாலத்தை விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை. வில்காக்ஸ் முகாமை ஒட்டித் தொடங்கும் வில்காக்ஸ் கணவாய்ப் பாதையில் ஒரு மணி நேரம் ஏறுங்கள். எதிர் மலையில் அதே பனியாறு தலையிலிருந்து நுனிவரை தெரியும், டிக்கெட் இல்லை. இந்தக் கொலம்பியா பனிவயலில் உருகும் நீர் பசிபிக், ஆர்க்டிக், ஹட்சன் விரிகுடா என்று மூன்று பக்கமாகப் பிரிந்து போகிறது.

பெட்ரோல், போன் வசதி?
*- வாசகர், சேலம்*

வழியில் ஒரே ஒரு பங்க்: லேக் லூயிஸிலிருந்து ஏறக்குறைய 80 கி.மீ.யில் சஸ்காச்சுவான் ரிவர் கிராசிங். விலை அதிகம், குளிர்காலத்தில் மூடிவிடும். லேக் லூயிஸில் முழுத்தொட்டி போட்டால் தேவைப்படாது. போன் சிக்னல் பெரும்பாலான தூரத்தில் இல்லை. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். ஐபோன் 14-லும் அதற்குப் பிந்தைய மாடல்களிலும் செயற்கைக்கோள் வழி அவசரக் குறுஞ்செய்தி கனடாவில் வேலை செய்யும். வாடகைக் காரை எடுக்கும்போதே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா, காற்றடிக்கும் குப்பி மட்டும்தானா என்று பாருங்கள். இந்திய உரிமத்தோடு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்துச் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிவாருங்கள்.

ரொறன்ரோவிலிருந்து எங்கட சொந்த வானிலேயே (வேன்) ஓடிக்கொண்டு போனால் என்ன? விறகையும் வீட்டிலிருந்தே ஏற்றலாம் என்கிறார் அண்ணா. இரண்டு கிழமை லீவு இருக்கிறது.
*- வாசகி, ஸ்காபரோ*

கால்கரி வரையே ஏறக்குறைய 3,400 கி.மீ. பிள்ளைகளோடு போக நான்கு நாள், வர நான்கு நாள். இரண்டு கிழமையில் மலைக்கு மிஞ்சுவது ஆறு நாள். மூன்று கிழமை கிடைத்தால் ஓடுங்கள்; இல்லாவிட்டால் விமானத்தில் வந்து வான் வாடகைக்கு எடுப்பது புத்தி. ஓடுவதென்றால் சுப்பீரியர் ஏரிக்கரைப் பகுதியை இருட்டில் ஓடாதீர்கள். மூஸ் உயரமான மிருகம். அதன் கண் ஹெட்லைட் ஒளிக்கு மேலே இருப்பதால் மினுங்காது, இடித்தால் உடம்பு கண்ணாடி வழியே உள்ளே வரும்.

அண்ணாவின் விறகு யோசனையைக் கைவிடுங்கள். மரப்பட்டைக்குள் இருக்கும் வண்டுகளும் முட்டைகளும் கூடவே பயணம் செய்து புதுக் காட்டில் பரவும். தீ மூட்ட அனுமதிச் சீட்டு வாங்கும் முகாம்களில் விறகு அங்கேயே கிடைக்கும். தீத்தடை போட்டிருந்தால் அதுவும் இல்லை, அடுப்புத்தான்.

மிச்சமான கேஸ், கரடி ஸ்ப்ரே இரண்டையும் ஊருக்குக் கொண்டுவரலாமா?
*- வாசகர், புதுச்சேரி*

இரண்டுமே விமானத்தில் கைப்பையிலும் போகாது, செக்-இன் பெட்டியிலும் போகாது. காலி சிலிண்டருக்கும் இதே கதிதான். கடைசி முகாமில் பக்கத்து இடத்துக்காரரிடம் கேளுங்கள். பாதி சிலிண்டரையும் திறக்காத ஸ்ப்ரேயையும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். ஆளில்லை என்றால் முகாமில் சிலிண்டருக்கென்று தனித் தொட்டி இருக்கிறதா பாருங்கள். சாதாரணக் குப்பையில் போடக்கூடாது. அடுப்பைப் பெட்டியில் வைக்குமுன் குழாயைக் கழற்றி, வாயு வாடை போகும்வரை ஒரு நாள் திறந்தவெளியில் காயவிடுங்கள். வாடை வந்தால் பரிசோதனையில் அடுப்பையும் எடுத்துவைத்துக்கொள்வார்கள்.